மூன்றாவது தண்ணீர்

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வருவது குடிக்கவும் சமைக்கவும். போர்வெல்லிலிருந்து மோட்டார் இறைத்து மேல்தொட்டியில் நிரப்புவது குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க. எந்தக் குழாயில் எது வரும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து படிக்கும் முன்பே தெரிந்துவிடும். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று நாக்கும் கையும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது.

காரின் பானெட்டைத் திறந்ததும் அந்தப் பாடம் போதாமல் போய்விடுகிறது. கடையில் வாங்கிய கூலன்ட் டப்பாவில், சரிபாதி தண்ணீர் கலக்கவும் என்று போட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஆகாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கை தானாக நல்ல தண்ணீர்க் குழாய்க்குப் போகும். ஆனால் எஞ்சினுக்கு அதுவும் ஆகாது. அது கேட்பது மூன்றாவது வகைத் தண்ணீர். சுவை இல்லாத, உப்பு இல்லாத, கிட்டத்தட்ட எதுவுமே கரைந்திராத தண்ணீர். மனிதனுக்கு நல்லதாகப் படும் தண்ணீர் ஓர் அலுமினிய எஞ்சினுக்கு ஏன் கெட்டதாக இருக்கிறது என்ற கேள்வி, சுண்ணாம்புப் பாறையில் தொடங்கி ஜப்பானின் எரிமலைகள் வரை நம்மைக் கூட்டிப் போகும்.

முதலில் வெப்பம். பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் திரவம். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்டின் பாடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து கூலன்டுக்குள் இறங்கும் வெப்பத்தைக் கொண்டு சுமார் முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு சிறிய காரின் குளிரூட்டும் சுற்றில் இருப்பதோ ஐந்தாறு லிட்டர். ஆகவே அது நிற்காமல் ஓட வேண்டும், ரேடியேட்டரில் வெப்பத்தை இறக்கிவிட்டு மறுபடி ஓட வேண்டும்.

இந்த வேலைக்குத் தண்ணீரைவிடச் சிறந்த கூலி கிடையாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலுக்கு 2.4 கிலோஜூல் போதும். அதாவது, ஒரே அளவு சூடேறும்போது கிளைகால் சுமந்து செல்லும் வெப்பம் மிகக் குறைவு. வெப்பத்தைக் கடத்துவதிலும் அது தண்ணீரில் பாதிகூட வராது, பிசுபிசுப்பும் அதிகம். காசு போனாலும் பரவாயில்லை, கலக்காமல் நூற்றுக்கு நூறு கூலன்டாகவே ஊற்றுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விமான எஞ்சினின் கதையைச் சொல்ல வேண்டும்.

எத்திலீன் கிளைகாலை 1850களில் முதன்முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் அடோல்ஃப் வுர்ட்ஸ். அதன் கொதிநிலை 197 டிகிரி என்பதால் 1930களின் விமானப் பொறியாளர்கள் அதை விரும்பினார்கள். சூடான திரவம் வெப்பத்தைக் காற்றில் எளிதாக இறக்கிவிடும். ரேடியேட்டரைச் சிறிதாக்கலாம், விமானத்தின் காற்றுத்தடை குறையும். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சினும் தொடக்கத்தில் தனிக் கிளைகாலில்தான் ஓடியது. ஆனால் கிளைகால் இணைப்புகள் வழியே கசிந்தது, எஞ்சினின் உலோகமும் அதிகச் சூட்டிலேயே வாட வேண்டியிருந்தது. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இரண்டாம் வகைக்கு வந்த மெர்லின் 12இல் விகிதத்தையே மாற்றினார்கள். 30 பங்கு கிளைகால், 70 பங்கு தண்ணீர். கொதிக்காமல் இருக்க மொத்தச் சுற்றையும் அழுத்தத்தில் வைத்தார்கள். இன்று நம் காரின் ரேடியேட்டர் மூடி செய்வதும் அதே வேலை. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு பங்கு அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

சரி, தண்ணீர் இவ்வளவு நல்லதென்றால் கூலன்ட் எதற்கு? ஐஸ் ஆகாத ஊரில் அது வீண் செலவு என்ற பேச்சைப் பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். கிளைகாலுக்கு உறைதடுப்பான் என்று பெயர் வந்தது குளிர்நாடுகளில். சரிபாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மதுரைக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் டப்பாவுக்குள் கிளைகாலோடு சில விழுக்காடு அளவுக்கு வேறு சில பொருள்கள் இருக்கின்றன. சிலிக்கேட், பாஸ்பேட், கரிம அமிலங்களின் உப்புகள் போன்ற அரிமானத் தடுப்பான்கள். அலுமினியம், இரும்பு, செம்பு, ஈயப்பற்று என்று வேறுவேறு உலோகங்கள் ஒரே சூடான திரவத்தில் முங்கிக் கிடக்கும்போது ஒன்றையொன்று அரிக்காமல் காப்பவை அவை. நம் ஊருக்குக் கூலன்ட் தேவைப்படுவது இவற்றுக்காகத்தான். தண்ணீரின் கதையும் இங்கேதான் சிக்கலாகிறது. தப்பான தண்ணீர் முதலில் கைவைப்பது எஞ்சின்மேல் இல்லை, இந்தக் காவலர்கள்மேல்.

மழைத்துளி மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. பாறையிலிருந்த கால்சியம் கார்பனேட், தண்ணீரில் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறி, கண்ணுக்குத் தெரியாமல் நீரோடு வருகிறது. இதுதான் கடினநீர். அதைச் சூடாக்கினால் எல்லாம் தலைகீழாக நடக்கும். வாயு வெளியேறும், பாறை மறுபடி பாறையாகும். மண்ணுக்கடியில் மெல்ல மெல்ல நடந்ததை எஞ்சின் ஒரு மதியப் பயணத்தில் திருப்பிப் போட்டுவிடுகிறது.

இந்தப் பாறை மற்ற உப்புகளைப் போல நடந்துகொள்வதில்லை. சர்க்கரையும் சமையல் உப்பும் சூடான தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் சூட்டில் குறைவாகக் கரையும். எனவே அது எங்கோ குளிர்ந்த மூலையில் போய்ப் படியாது. சூடு எங்கே உச்சமோ, குளிர்ச்சி எங்கே உயிர்ப்பிரச்சினையோ, அந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் ஹெட்டில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய பாலம் அப்படிப்பட்ட இடம்.

எவ்வளவு படியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600வரை அனுமதிக்கிறது. ஆறு லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் மூன்று லிட்டர் அப்படிப்பட்ட 600 மில்லிகிராம் தண்ணீர் ஊற்றினோம் என்று வைப்போம். மொத்தச் சுண்ணாம்பும் படிந்தாலும் 1.8 கிராம். ஒரு டீஸ்பூனில் பாதிகூட வராது. இதைக் கேட்டதும், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயம் என்று தோன்றும்.

அந்த 1.8 கிராமில் பெரும்பகுதி நூறு சதுர சென்டிமீட்டர் சூடான பரப்பில் படிந்தால் அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அலுமினியக் கலவையோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவம் வெப்பத்தைக் கடத்துவதில் ஐம்பது மடங்குக்கும் மேல் மோசமானது. எஞ்சின் முழுச் சுமையில் மூச்சுப்பிடித்து மலையேறும்போது வால்வுப் பாலத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நூறு வாட் அளவுக்கு வெப்பம் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு நடுவே தலைமுடி தடிமனில் ஒரு சுண்ணாம்புத் திரை நின்றால், அதன் பின்னாலுள்ள உலோகம் முப்பது டிகிரி கூடுதலாகச் சூடேறும். டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள் இதைக் காட்டாது. அது அளப்பது திரவத்தின் சூட்டை, உலோகத்தின் சூட்டை இல்லை. ஹெட் வளைந்து காஸ்கெட் போன பிறகுதான் தெரியவரும்.

இது ஒருமுறை ஊற்றியதற்கான கணக்கு. எங்கோ ஆவி கசியும் ஒரு வண்டியில் தினமும் கால் லிட்டர் ஊற்றினால் மாதத்தில் ஏழரை லிட்டர். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடும். குறையக் குறைய ஊற்றுவது என்று நாம் செய்துகொண்டிருப்பது உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை.

நான் முதலில் ஓட்டிய பழைய காரின் தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றியபோது உள்ளே வெள்ளையாக ஒரு பொருக்கு இருந்தது. இட்லிப் பானையின் அடியில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே வெள்ளை. நான்கு கோடைக்காலம் அதற்குக் குடிதண்ணீர்தான் ஊற்றியிருந்தேன், வடிகட்டிய தெளிந்த தண்ணீர். இட்லிப் பானைக்குள் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டு வைப்பார்கள். அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். ரேடியேட்டரைக் கழுவ விற்கும் சில மருந்துகளில் சிட்ரிக் அமிலம் இருப்பதும் இதற்காகவே. ஆனால் வீட்டு வைத்தியத்தை எஞ்சினில் செய்துபார்க்க வேண்டாம். சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் அலுமினியத்தையும் விட்டுவைக்காது.

சுண்ணாம்பு மெதுவாகக் கொல்லும். குளோரைடு அப்படியில்லை, ஓட்டையே போட்டுவிடும். அலுமினியம் உண்மையில் காற்றோடும் நீரோடும் வேகமாக வினைபுரியும் உலோகம். நம் கண்முன் அது பளபளவென்று நிற்பதற்குக் காரணம், அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் தானே உருவாகும் ஆக்சைடுத் தோல். குளோரைடு அயனி அந்தத் தோலில் பலவீனமான ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துத் துளைக்கிறது. துளைக்குள் கரையும் அலுமினியம் நீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் இன்னும் கொஞ்சம் குளோரைடை உள்ளே இழுக்கும். குழி தன்னைத்தானே தோண்டிக்கொண்டு போகும். இன்றைய ரேடியேட்டர் குழாய்களின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மேற்பரப்பு முழுவதும் பளபளப்பாக இருக்க, ஊசிமுனை ஓட்டை ஒன்றின் வழியே கூலன்ட் சொட்டுவது இப்படித்தான்.

கனரக எஞ்சின்களுக்குத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டர்பில்லர் நிறுவனம் வகுத்திருக்கும் வரம்புகளைக் குடிநீர்த் தரநிலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு உடம்புகளின் வேறுபாடு விளங்கும். குளோரைடு எஞ்சினுக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குமேல் கூடாது. குடிநீரில் 250வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1000வரை. கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., எஞ்சினுக்கு 340, நமக்கு 500, வழியில்லாதபோது 2000. நமக்குச் சிறுநீரகம் இருக்கிறது, கூடுதல் உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சினுக்குச் சிறுநீரகம் கிடையாது.

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி இனிமேல்தான். கூலன்டின் வேதியியலை வகுத்ததில் அந்தந்த நாட்டு ஆற்றுக்கும் பங்கு உண்டு. மேற்கு ஐரோப்பாவின் பல பகுதிகள் சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கின்றன. லண்டன் குழாய்த்தண்ணீரின் கடினத்தன்மை 200க்கு மேல். அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் கலந்த கூலன்டை ஊற்றினால் கால்சியமும் பாஸ்பேட்டும் கைகோத்துச் சேறாகப் படியும். காவலுக்கு வந்தவரே கட்டியாகிக் குழாயை அடைப்பார். எனவே ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்து, சிலிக்கேட்டையும் கரிம அமிலங்களையும் நம்பின. ஜப்பானில் நிலைமை வேறு. எரிமலைப் பாறைகளின் மேல் விழுந்து, குட்டையான செங்குத்தான ஆறுகளில் விரைந்தோடிக் கடலில் கலக்கும் மழைநீருக்குப் பாறையோடு அதிகம் பழக நேரமே கிடைப்பதில்லை. அங்கே தண்ணீர் மென்மையானது, பாஸ்பேட்டுக்குத் தொல்லை இல்லை. வாட்டர் பம்ப்பின் சீலைச் சிலிக்கேட் தேய்த்துவிடுமோ என்ற கவலைதான் அங்கிருந்தவர்களுக்கு. ஆகவே ஜப்பானியரும் கொரியரும் சிலிக்கேட்டை விட்டுவிட்டுப் பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது தமிழ்நாட்டுச் சாலையைப் பாருங்கள். அதில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானிய, கொரிய வடிவமைப்பு. மென்னீர் நாட்டில் பிறந்த பாஸ்பேட் கூலன்ட் அவற்றுக்குள் ஓடுகிறது. நாம் அதில் கலப்பது, சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர் போன்ற ஊர்களின் நிலத்தடி நீர். கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் இரண்டு இழப்பு. படிவும் வந்தது, பாதுகாப்பும் போனது. எந்தத் தண்ணீரும் பரவாயில்லை என்ற அறிவுரை வேறெந்த ஊரில் செல்லுபடியானாலும் நம் ஊரில் செல்லாது.

அந்த அறிவுரையைச் சொன்ன பழைய மெக்கானிக்குகள் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்து செய்தது. அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பற்று நீக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி பற்றவைத்துக் கொடுப்பார்கள். லாரி போகிற வழியில் கிணற்றிலும் ஏரியிலும் மொண்டு ஊற்றிக்கொண்டே போனது அந்தத் தைரியத்தில். இன்றைய ரேடியேட்டரின் அலுமினியக் குழாய்கள் மெலிந்தவை, அதன் தொட்டி பிளாஸ்டிக். கம்பி விட்டுக் குத்த இடமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு வருவோம். காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், அல்லது அயனி நீக்கிய டி.எம். வாட்டர். இரண்டில் எது கிடைத்தாலும் சரி. பெட்ரோல் பங்குகளிலும் பேட்டரி கடைகளிலும் பேட்டரி தண்ணீர் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள். அது நீர்த்த கந்தக அமிலம். கேனில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எஞ்சினில் ஊற்றிவிடக் கூடாது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஏறக்குறைய நல்லது, ஆனால் நம்பிவிட முடியாது. 1500 டி.டி.எஸ். உள்ள தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்கு உப்பை நீக்கினாலும் 75 மிஞ்சும். சுவைக்காகக் கொஞ்சம் மூலத்தண்ணீரை மறுபடி கலந்துவிடும் கருவிகளும் உண்டு. கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் பைகார்பனேட் மட்டும் போயிருக்கும். குளோரைடும் சல்பேட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், நீர் வற்றிய அளவுக்குக் கொஞ்சம் அடர்ந்தும் இருக்கும். உப்புத் தண்ணீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். படிவு குறையும், குளோரைடு அப்படியே. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பலர் பிடித்து வைக்கிறார்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. ஆனால் குளிர்சுருளின் மேல் படிந்த தூசியும் கிருமியும் கொஞ்சம் உலோகமும் சேர்ந்தே வரும். மழைநீரும் தூயதுதான், கூரையைத் தொடும்வரை. கடலோர ஊர்களில் காற்றே உப்பைச் சுமந்து வந்து கூரையில் போட்டிருக்கும்.

தூய தண்ணீர்மேலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. எதுவும் கரைந்திராத தண்ணீர் பசியோடு இருக்கும், உலோகத்தையே தின்றுவிடும் என்பார்கள். அதில் பாதி உண்மை. காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகும், அதன் பி.எச். 5.6 அளவுக்கு இறங்கும். கூலன்ட் எதுவும் கலக்காமல் அதை மட்டும் ஊற்றி ஓட்டினால் அரிமானம் வரத்தான் செய்யும். கூலன்டோடு சேர்த்துவிட்டால் அந்தச் சொற்ப அமிலத்தை டப்பாவிலுள்ள காரப்பொருள்கள் முதல் கலக்கலிலேயே சரிசெய்துவிடும். இடம் காலியாக இருக்கும் தண்ணீர் என்பதால் காவலர்கள் தங்கள் வேலையைத் தடையின்றிச் செய்வார்கள்.

நடுவழியில் வண்டி ஹீட் ஆகி நின்றுவிட்டால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கைக்குக் கிடைத்த குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டு மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். எஞ்சின் காய்ந்து போவதைவிட அது மேல். ஆனால் எஞ்சின் ஆறாமல் மூடியில் கைவைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் 115 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், மூடி திறந்த நொடியில் நாற்பது லிட்டருக்கும் மேல் நீராவியைக் கக்கும். முகத்துக்கு நேரே.

இத்தனை நாளும் குழாய்த்தண்ணீர் ஊற்றியவர்கள் அதை வெளியேற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அடித்திருகைத் திறந்து வடித்தாலும் பிளாக்கின் உள்ளறைகளில் கொஞ்சம் தங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து வடித்தால், 600 டி.டி.எஸ்.ஸில் இருந்தது 200 ஆகும். இரண்டாம் முறை 67. மூன்றாம் முறை 22. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வடித்த நீரில் விட்டுப் பார்த்தால் எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம். ஆனால் பழைய கூலன்ட்மேல் நேராக அதை விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தடுப்பான்களும் உப்புகளே, மீட்டருக்கு நல்ல உப்பு கெட்ட உப்பு தெரியாது.

கடைசி முறை வடித்த பிறகும் ஆறு லிட்டர் சுற்றில் இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளேயே இருக்கும். இப்போது பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கூலன்டின் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும். ஆகவே மொத்தக் கொள்ளளவில் பாதியான மூன்று லிட்டர் கூலன்டை நீர் சேர்க்காமல் முதலில் ஊற்றிவிட்டு, மிச்ச இடத்துக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் நிரப்ப வேண்டும். வடித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், கொடிய நஞ்சு. வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைக்காமல், மூடியுள்ள கேனில் அடைத்துப் பிள்ளைகளுக்கும் தெருநாய்களுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, அடுத்தமுறை பட்டறைக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள்.